மேற்கு மலைக்கு வாழ்க்கைப்பட்டவள்

மனிதர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. என்றைக்காவது அவர்களுக்கு ஒரு சறுக்கல் வரும், நமக்கும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும். நான் பொறாமைப்பட்டது ஒரு மலையைப் பார்த்து. அது சறுக்குவதாக இல்லை. வருடம் முழுக்க அதே இடத்தில், அதே உயரத்தில், தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு என் மாமியார் வீட்டு மொட்டை மாடிக்கு நேரெதிரே நின்றது.

நான் பிறந்தது தருமபுரிப் பக்கம், கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த சித்தேரி மலையின் அடிவாரத்தில். எங்கள் பூர்விகம் நெல்லைச் சீமைதான். அப்பாவின் தாத்தா ஏதோ வியாபாரம் என்று வடக்கே போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பேச்சு மாறியது, சாப்பாடு மாறியது, பெண் கொடுப்பதற்கு மட்டும் தெற்கே ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்ணில் அம்பாசமுத்திரத்துக் குடும்பம் ஒன்று பட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. மாமனாருக்குக் கொஞ்சம் வயல், நிறையப் பழம்பெருமை.

நான் புவியியல் படித்தவள். இளங்கலை முடித்து, பி.எட். முடித்து, வேலைக்குக் காத்திருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவேன். அது ஒரே சுவர், இது துண்டு துண்டு. அது உயரம், இது குட்டை. அது அரபிக் கடலிலிருந்து வரும் மேகத்தை மறித்து நிறுத்தும், இது வங்கக் கடலிலிருந்து வருவதில் பாதியை விட்டுவிடும். அங்கே ஆறு பிறக்கும், இங்கே அந்த ஆறுகள் மலையை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போயிருந்தேன். அந்த ஐந்து மதிப்பெண் என் கல்யாண வேனிலிருந்து இறங்கி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கல்யாணம் எங்கள் ஊரில். மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வேன் நின்றதும் முதலில் இறங்கியது மாப்பிள்ளை அல்ல, பெரிய பெரிய பிளாஸ்டிக் கேன்கள்.

அப்பா ஓடிப்போய், "எண்ணெய்ங்களா? எல்லாம் இங்கயே வாங்கி வெச்சிருக்கோமே," என்றார்.

"எண்ணெய் இல்ல அண்ணாச்சி, தண்ணி," என்றார் மாமனார். "நம்ம ஆத்துத் தண்ணி. வேற தண்ணி குடிச்சா நம்ம ஆளுகளுக்கு ஒத்துக்கிடாது. நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடாதிய."

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? அம்மா முந்தின நாளே புதுப் பானைகள் வாங்கி, கழுவி, வெட்டிவேர் போட்டு, எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் ஒருவரும் அந்தப் பானைகளின் பக்கம் போகவில்லை. அவர்களுடைய ஆளே டம்ளர் டம்ளராக அவர்களுடைய தண்ணீரை ஊற்றிக்கொண்டு போனான். "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் கண்ணு," என்று என் தலையில் பூ வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள். "தண்ணியவே வேணாம்ன்னுட்டாங்களே."

தாமிரபரணிக்காரர்களின் வழக்கம் அது என்று பிறகு புரிந்தது. வெளியூர்க் கல்யாணமோ, சாவோ, இரண்டு நாள் தங்கல் என்றால் கேன் கூடவே போகும். மாமனார் சென்னைக்கு ரயில் ஏறினால் துணிப்பைக்கு முன்னால் தண்ணீர்ப் பாத்திரம் ஏறும். அந்தத் தண்ணீர் கெடவே கெடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பொதிகை மலை மூலிகையெல்லாம் கரைந்து வருகிறதாம்.

அம்பாசமுத்திரத்துக்கு, அவர்கள் பேச்சில் அம்பைக்கு, வந்த மறுநாள் காலையில் மாமியார் ஒரு செம்பு நிறையக் கொடுத்து, "குடிச்சுப் பாரு பிள்ள," என்றார். குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால்கூட நான் அந்த ஊரில் நிம்மதியாகக் குடித்தனம் செய்திருப்பேன்.

ஜூன் பிறந்ததும் சாரல். எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் மாதத்தில், இங்கே துணி காயவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆற்றில் நிறம் மாறுகிறது. அது முடிந்து ஆறு கொஞ்சம் ஓயலாம் என்று நினைப்பதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசலிலும் சம்பளம் வந்தது போல. ஆறு பாபநாசத்தில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, இந்தப் பயிருக்கும் அந்தப் பயிருக்கும் பாய்ந்து, பிறகும் மீந்து கடலுக்குப் போகிறது. காலையில் தோளில் ஒரு துண்டும் கையில் ஒரு சோப்பு டப்பாவுமாக ஆண்கள் ஆற்றுக்குப் போகும் நடையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தனை அலட்சியம். பத்து வயதிலிருந்து அடிகுழாயில் வரிசையில் நின்றவளுக்கு அந்த அலட்சியத்தைத் தாங்க முடியாது.

எங்கள் மாவட்டத்திலும் காவிரி விழுகிறது. ஒகேனக்கல்லில் அது பாறையில் விழும் சத்தத்தைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆனால் அந்தக் காவிரி எங்களுடையதில்லை. அது பிறந்தது மேற்கு மலையில். எங்கள் மலையை வெட்டிக்கொண்டு இறங்கி, எங்களுக்குக் குடிக்க ஒரு வாய் கொடுக்காமல் மேட்டூருக்குப் போய்விடும். கிழக்கு மலை தன் உடம்பைக் கொடுத்து வழிவிட்டதுதான் மிச்சம். இதைச் சொல்லி ஒருநாள் கணவரிடம் அழுதுகூட இருக்கிறேன். அவர் பாவம், "காவிரிக்கு நான் என்னத்தச் செய்ய?" என்று கேட்டார்.

பல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் முன்பற்களில் பழுப்பு நிறத்தில் கோடுகள் உண்டு, துருப்பிடித்த தகரத்தில் தண்ணீர் வழிந்த மாதிரி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் யாரும் யாரையும் பார்த்ததில்லை. அம்பையில் எல்லாரும் பார்த்தார்கள். எதிர் வீட்டம்மா வந்த புதிதிலேயே, "ஏளா, நீ வெத்தல போடுவியா?" என்று பாசமாகக் கேட்டார். அன்றிலிருந்து கையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிப்பேன். என் நாத்தனாருக்கு, அதாவது கணவரின் தங்கைக்கு, அப்போது கல்லூரி வயது. அவள் சிரித்தால் பல்லைத்தான் பார்ப்பேன். பச்சரிசி மாதிரி ஒரே அளவு, ஒரே வெள்ளை. அவளும் அதை ஒரு சொத்தாக நினைத்ததில்லை, ஆற்றை நினைக்காத மாதிரியே. அவள் நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளைப் பார்த்தால் ஆகாது.

ஒருநாள் மாடியில் வடாம் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் மலையைப் பார்த்து வழக்கம்போலப் பெருமை பேச, நான் பொறுக்கமுடியாமல், "எங்க மலை உங்க மலையைவிட வயசுல மூத்தது, தெரியுமா?" என்றேன். கல்லூரியில் படித்ததில் எனக்குச் சாதகமாக இருந்தது அது ஒன்றுதான்.

"அதான் மைனி, வயசாயி பல்லெல்லாம் கொட்டிப்போயி அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணா நிக்கி," என்றாள் அவள்.

மலையைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது. வடாம் மாவுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார், "ஏட்டி, வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு," என்று அதட்டினார். அந்த அதட்டல்தான் எனக்கு இன்னும் எரிந்தது. என் மலைக்காக இரக்கப்பட இவர்கள் யார்?

அடுத்த வருடம் நான் உண்டானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஏழாம் மாதம் அழைத்துப்போக அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவுக்கு ஐம்பது தாண்டியவுடனேயே முதுகு விறைத்துப்போய், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்புவார். அந்த முதுகோடு அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருந்தார். சீர் தட்டெல்லாம் வைத்து முடிந்ததும் மாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"பிரசவம் உங்க வீட்லதான், அதை யாரு மறுத்தா? ஆனா தண்ணிக்கு என்ன செய்ய?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க ஊர்லயும் தண்ணி இருக்குதுங்க. நாங்களும் குடிச்சுட்டுதான் உசிரோட இருக்கோம்."

"அய்யோ, நான் குத்தமாச் சொல்லலியே. பிள்ளத்தாச்சி உடம்பு பாருங்க. பழகின தண்ணி இருந்தா நல்லதுன்னு சொல்லுதேன்."

மாமனார் அதற்குள் ஏற்பாடே செய்து வைத்திருந்தார். அம்பையிலிருந்து பெங்களூருக்கு அரிசி ஏற்றிப்போகும் லாரிக்கார அண்ணாச்சி ஒருவர் அவருக்குச் சிநேகிதம். லாரி தருமபுரி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு நடைக்கும் அரிசி மூட்டைகளோடு கேன்கள் வரும், நெடுஞ்சாலை டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போவார். இதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவைப் பார்க்கத் துணிவில்லை.

அப்படியே வந்தது. வாரம் தவறாமல் தாமிரபரணி எங்கள் ஊர் டீக்கடையில் வந்து இறங்கியது. ஊரே வேடிக்கை பார்த்தது. மாசி, பங்குனி வெயிலில் லாரி மேல் காய்ந்து வந்த தண்ணீர். கேனைத் திறந்தால் பிளாஸ்டிக் வாடையும் பாசி வாடையும் சேர்ந்து அடித்தது. கெடாத தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. சொல்லக்கூடாது, எனக்கு எத்தனை சந்தோஷம்! அம்மா முகர்ந்து பார்த்தாள், கேனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றினாள். பிறகு கேனை அலசி, எங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

"எதுக்கும்மா கேன்ல ஊத்தற?"

"அவங்க கேனு. காலியா இருந்தா கேப்பாங்க."

மகள் பிறந்தாள். பதினாறாம் நாள் பிள்ளை பார்க்க மாமியார் வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். பிள்ளையைக் கிடத்தப் பத்தமடையிலிருந்து சொல்லி நெய்த மெல்லிய கோரைப் பாய் கொண்டுவந்தார்கள், வெள்ளி அரைஞாண் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை. லாரியில்தான் அனுப்புகிறோமே, அங்கேயே இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வெயிலில் வந்த களைப்பில் மாமனார் உட்கார்ந்ததும் கேட்டது அதைத்தான். அம்மா கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

மாமனார் அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்தார்.

"பாத்தியளா வே," என்று கூட வந்த உறவினரைப் பார்த்துச் சொன்னார். "லாரில குலுங்கி வந்தும் ருசி மாறலியே. இதான் பொதிகைத் தண்ணிங்கது. மூலிகை வே, மூலிகை!"

மாமியாரும் குடித்துவிட்டு, "வந்த தலவலி போன எடம் தெரியல," என்றார். நாத்தனார் இரண்டு டம்ளர் குடித்தாள்.

"இன்னொரு டம்ளர் தரட்டுங்களா?" என்று அம்மா பணிவாகக் கேட்டாள்.

நான் பிள்ளையின் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணத்தன்று தொடாத பானைத் தண்ணீரை எல்லாரும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள். அம்மா அன்று மாலை வரை சமையல்கட்டில் தானாகப் பாடிக்கொண்டிருந்தாள். இன்று வரை இது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

அன்றோடு என் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது. மலையாவது, மூலிகையாவது, எல்லாம் வெறும் ஊர்ப்பெருமை. நாக்குக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து மதிப்பெண் கேள்வியில் எங்களுக்கும் பாதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தெம்பில்தான் அடுத்து நடந்ததெல்லாம்.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது வள்ளியூரில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அம்பையிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும், விடிவதற்குள் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகு வீடு. வள்ளியூரிலும் அதே மேற்கு மலைதான், ஆனால் அங்கே அது மழையைக் காட்டிவிட்டுக் காற்றை மட்டும் அனுப்பும். புழுதி பறக்கும். உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தி, "ஒங்களுக்கு என்ன டீச்சர், ஆத்துக்காரங்க," என்று பெருமூச்சு விடுவாள். நான் ஆற்றுக்காரியா? சிரிப்பாக வந்தது. ஆனாலும் அந்த மலை சொந்தப் பிள்ளைகளிடமே ஓரவஞ்சனை செய்கிறது என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல் இருந்தது.

பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நாத்தனார் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாமியார் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, கம்பூன்றி நடந்துகொண்டிருந்தார். தவழ்கிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்க முடியாது. அம்மாவுக்குச் சம்பந்தி வீட்டில் வந்து தங்கும் பழக்கம் கிடையாது, அப்பாவை விட்டுவிட்டு வரவும் வழியில்லை. அதனால் அம்மாவே சொன்னாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்னிடம் விட்டுவிடு என்று. அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

எனக்குக் கசக்குமா? என் மகள் என் மலையைப் பார்த்து வளர்வாள். இவர்களுடைய ஆற்றில் குளிக்காமல், இவர்களுடைய பெருமையைக் கேட்காமல், "வர்றேன், போறேன்" என்று என் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு வருவாள். மேற்கு மலை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் ஒன்றையாவது கிழக்கு மலை திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். மகளைப் பிரிய வேண்டுமே என்ற வருத்தத்தையும் மிஞ்சி அந்த எண்ணம் இனித்தது.

கட்டிலில் உட்கார்ந்தபடியே மாமியார் கேட்டார். "எல்லாஞ் சரி. சின்னப் பிள்ள. அங்கன உள்ள தண்ணி ஒத்துக்கிடுமா?"

"நீங்க குடிச்சுப் பாத்தா தெரியும் அத்தை," என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பரீட்சை விடுமுறையில் கொண்டுபோய் விடுவதாக அம்மாவுக்கு எழுதியும் போட்டேன். அதுவரைக்கும் மட்டும் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர் வீட்டம்மா ஒப்புக்கொண்டார்.

விடுமுறைக்கு முன்னால் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறந்ததும் அவர் வலித்த பல்லைப் பார்க்கவில்லை, முன்பல்லைப் பார்த்தார்.

"நீங்க இந்த ஊரு இல்லையேம்மா. எந்த ஊரு? சேலமா, தருமபுரியா?"

திடுக்கிட்டுப் போனேன். தருமபுரி என்றேன். வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது முதுகு, மூட்டு விறைப்பு உண்டா என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"தண்ணிம்மா. ஆழமாப் போட்ட போர் தண்ணி. பாறையில உள்ள ஃபுளோரைடு அதுல கரைஞ்சு வருது. ருசியில தெரியாது, வாசனை கிடையாது, பாக்கத் தெளிவா இருக்கும். சின்ன வயசுல ஈறுக்குள்ள பல்லு உருவாகுத நேரத்துல அதைக் குடிச்சா கறை பல்லுக்குள்ளயே விழுந்திரும். அப்புறம் என்ன தேச்சாலும் போகாது."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினா தண்ணிதான் வத்தும். அது போகாது, இன்னும் கூடும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "பிள்ளைங்க இருக்கா? எங்க வளருது?"

என் பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அம்பை பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிட்டது. நான் புவியியல் படித்தவள். டாக்டர் சொன்னதில் பாதி எனக்கே தெரிந்திருக்க வேண்டிய பாடம். இங்கேயும் பாறைதான். ஆனால் இங்கே மழை அடித்துக்கொண்டு பெய்து, பாறைமேல் ஓடி, நிற்காமல் ஆறாகி வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் கொஞ்சமாகப் பெய்கிற மழை கீழே இறங்கி, ஆண்டுக் கணக்காகப் பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. அதைத்தான் துளை போட்டு உறிஞ்சிக் குடித்து வளர்ந்தோம். கிழக்கு மலை வேண்டுமென்று எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அதற்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

நாக்குக்குத் தெரியாது என்றாரே, அதுதான் என்னைக் குத்தியது. மாமனார் கண்ணை மூடிக் குடித்ததும் நான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. காரணம் தெரியாமல் பேசிய மாமியார் பேச்சே சரியாகப் போய்விட்டது. மலை மறுபடியும் ஜெயித்துவிட்டது. அதைவிட மோசமான ஒன்று அந்தப் பஸ்ஸில் எனக்குத் தோன்றியது. என் மகள் இங்கேயே வளர்ந்தால் அவளுக்கு நாத்தனாரின் பல் வரும். வாய் நிறையச் சிரிப்பாள், கையை மேலே கொண்டுபோகத் தோன்றாது. அவள் ஆற்றுக்காரி. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தாய் உண்டா என்று கேட்டால், உண்டு. அன்று கல்லிடைக்குறிச்சி வரும் வரை நான் பட்டேன். இறங்கும்போது அழுகை வந்தது.

இரவு கணவரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் கழித்து, அடுத்த தெருவில் பிள்ளைகள் இல்லாத ஒரு அம்மா பகலில் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருப்பதாகச் சொன்னார். "உங்க அம்மாட்ட நீ பைய, பக்குவமா எடுத்துச் சொல்லு," என்றார். சொல்வதற்கு நான்தான் போக வேண்டும். கடிதத்தில் எழுதுகிற விஷயமா அது?

விடுமுறையில் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உள்ளே உத்தரத்தில் புதுச் சேலையில் தூளி கட்டியிருந்தது. ஆசாரியிடம் சொல்லி நடைவண்டி செய்து வைத்திருந்தாள். பால் சுத்தமாக வேண்டுமென்று கறவை மாடுகூடப் பேசி வைத்திருந்தாளாம். என் கையிலிருந்த சின்னப் பையைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா துணிமணி? மிச்சமெல்லாம் மாப்பிள்ளை கொண்டாருவாரா?"

அப்பா தூங்கும் வரை பொறுத்திருந்து, மத்தியானம் சமையல்கட்டில் வைத்துச் சொன்னேன். பைய எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "உங்க மாமியா சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா? இந்தத் தண்ணியத்தான அன்னிக்கு மூலிகை மூலிகைன்னு மொத்தக் குடும்பமும் குடிச்சுது?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா. குடிச்சா யாருக்கும் தெரியாதாம். பெரியவங்க ரெண்டு டம்ளர் குடிச்சா ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க வருஷக்கணக்காக் குடிச்சாத்தான்."

"அப்ப அந்த லாரியில கேன் அனுப்பச் சொல்லு," என்றாள் உடனே. குரல் மாறியிருந்தது. "சத்தியமா ஒரு சொட்டு கீழ ஊத்த மாட்டேன். துணியில வடிகட்டி அதையே குடுக்கறேன். கெட்ட வாடை வந்தா திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லு. நானே உங்க மாமியாருக்கு எழுதறேன்."

இந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து வரவழைத்த மலையை அந்த நிமிடம் நான் வெறுத்தேன். "மூணு வருஷத்துக்காம்மா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். விரலால் அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் முளைத்திருந்த பற்கள். பிள்ளை அவள் விரலைக் கடித்துச் சிரித்தது.

"உனக்கும் இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு," என்றாள். "விழுந்து முளைச்சுதுதான் அப்படி வந்துது. நீ சோம்பேறித்தனமா விளக்கறன்னு நினைச்சேன். பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னால கொல்லையில நிக்கவெச்சு, செங்கப்பொடி போட்டு நானே தேச்சு விடுவேன். ஈறுல ரத்தம் வரும், நீ கத்துவ. கத்தக் கத்த முதுகுல ஒண்ணு வெச்சுத் தேய்ப்பேன்."

எனக்கு நினைவிருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தேச்சு முடிச்சிட்டு," என்றாள் அம்மா, பிள்ளையிடமிருந்து விரலை உருவிக்கொண்டு, "ரத்தம் நிக்கட்டும்ன்னு அந்தத் தண்ணியத்தான கண்ணு உனக்கு வாய் நெறைய ஊத்துவேன்."